குணமாகிவிட்டார், இனித் தேவையில்லை

பிப்ரவரி 20, வியாழன்

இந்த நோட்டின் முன்பக்கங்கள் என் வீட்டுக்காரருடையவை. எத்தனை மணிக்குக் கஞ்சி, எத்தனை மணிக்கு மாத்திரை, எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தது, மூத்திரப் பை எவ்வளவு. ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதச் சொன்னாள். எட்டு மாதம் ஒரு நாள் விடாமல் எழுதினேன். ஜனவரி பத்தொன்பது காலையோடு நின்றுவிட்டது. பின்னால் நாற்பது பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. வீணாக்க எனக்கு மனசு வராது.

இன்று எழுத விஷயம் இருக்கிறது. புனேவில் இருக்கிற என் மகள் பிரேமா, அவருடைய கட்டிலையும் காற்று மெத்தையையும் என் நம்பரைக் கொடுத்துப் போனில் விற்பனைக்குப் போட்டுவிட்டாள். கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு உயர்கிற ஆஸ்பத்திரிக் கட்டில். மெத்தை மோட்டாரில் ஓடுவது, முதுகில் புண் வராது. பாதிக் கூடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, நீ அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்றாள். நான் ஒன்றும் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் தரையில் படுக்கிறேன் என்றால் அங்கே ஃபேன் இருக்கிறது, அதனால்.

எழுதியதைப் படித்துக் காட்டினாள். எல்லாம் சரி. கடைசியில், ‘நோயாளி குணமாகிவிட்டார், இனித் தேவையில்லை’ என்று இருந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன்.

“அம்மா, செத்தவங்க கட்டில ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க. இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்குது.”

அந்த முறையையும் சொன்னாள். இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். கதை பேசக் கூடாது. வீட்டு விலாசம் உடனே தரக் கூடாது. விற்ற பிறகு பேச்சே கூடாது.

அவர் செத்து முப்பத்திரண்டு நாள்தான் ஆகிறது. பிரேமா பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே விமானம் ஏறினாள். மதியம் ஒன்று நாற்பதுக்குத் தெருமுனை தாண்டினாள். குறையாகச் சொல்லவில்லை. ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 22, சனி

இரண்டு நாளில் பதினொரு பேர், ‘இது இன்னும் இருக்கிறதா?’ என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினேன். இருக்கிறது, எட்டு மாதம்தான் பயன்படுத்தியது, மெத்தையில் ஓட்டை இல்லை, ஈரோட்டுக்கு வந்தால் பார்க்கலாம், காபி சாப்பிட்டுப் போகலாம் என்று. ஒரு விரலில் தட்டித் தட்டி ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். ஒருத்தரும் திரும்பிப் பேசவில்லை. பெருந்துறை சிவக்கொழுந்து, பவானி ஞானசேகர், ரோஜாப்பூப் படம் வைத்திருக்கிற பெயரில்லாத ஒருத்தி. மீதி எட்டுப் பேரும் மனதில் இருக்கிறார்கள்.

பிரேமாவிடம் சொன்னேன். சிரித்தாள். அந்தக் கேள்வியை அவர்கள் எழுதுவதே இல்லையாம். ஒரு பொத்தானை அழுத்தினால் போனே கேட்டுவிடுமாம்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் என் அப்பன் விலை பேசுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கேயும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்திருப்பார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

விலாசம் தரக் கூடாது என்ற முறையை மீறினேன். பள்ளிபாளையத்திலிருந்து ஒரு ஆள் வந்தான். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு தரம் குதித்தான். மோட்டாரைப் போடச் சொன்னான். பாதி விலைக்குக் கேட்டான். எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோதுதான் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தான்.

“குணமாயிட்டாருன்னு போட்டிருந்தீங்களே.”

“ஆமாங்க. எல்லா நோவும் தீந்துபோச்சு.”

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனான். காபி ஆறிவிட்டது. நானே குடித்தேன்.

பிப்ரவரி 26, புதன்

இன்று தாராபுரத்திலிருந்து ஒருத்தி. பெயர் தங்கநாயகி. எழுத வராது போல, குரலில் பேசி அனுப்பியிருந்தாள். மற்றவர்கள் மாதிரி இருக்கிறதா என்றோ கடைசி விலை என்ன என்றோ கேட்கவில்லை. முதலில், ‘நல்லா இருக்கீங்களாக்கா, தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கங்க’ என்றாள். நான் உடனே போன் போட்டேன்.

அவள் வீட்டுக்காரர் அவிநாசியப்பன் டிராக்டர் மெக்கானிக். பக்கவாதம் வந்து இன்றைக்கு இருபத்தொன்றாவது நாள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. மகனுக்கு வெள்ளகோவில் மில்லில் வேலை, வாரம் ஒருமுறைதான் வருவான். இவள் ஒருத்தியே புரட்டிப் போடுகிறாள். பேச்சு நடுவில் நின்று நின்று மூச்சு வாங்கினாள். அந்த மூச்சு எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரரை அண்ணன் என்றே சொல்லி, அண்ணனுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். வலது என்றேன். அது நிஜம்.

“இப்ப நடக்கறாருங்களாக்கா?”

விளம்பரத்தில் போட்டது போட்டபடி இருக்க வேண்டும் அல்லவா? விற்கிறவள் மாற்றி மாற்றிப் பேசினால் வாங்குகிறவளுக்கு நம்பிக்கை போய்விடும்.

“நடக்கறாரு” என்றேன்.

அந்தப் பக்கம் அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

பிப்ரவரி 28, வெள்ளி

தங்கநாயகி அனுப்பிய டெம்போ வந்து கட்டிலை ஏற்றிக்கொண்டு போனது. அவள் பேரம் பேசவில்லை. நானாகவே இரண்டாயிரம் குறைத்தேன். கூடம் பெரிதாக இருக்கிறது. கட்டில் கால் நாலும் தரையில் வெள்ளையாக வட்டம் விட்டுப் போயிருக்கின்றன. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

மார்ச் 3, திங்கள்

நாலு மணிக்குத் தங்கநாயகி கூப்பிட்டாள். மெத்தைக் குழாய் எந்த ஓட்டையில் சொருக வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். கஞ்சி கொடுக்கும்போது தலைமாட்டை எத்தனை சுற்று உயர்த்த வேண்டும், கொடுத்த பிறகு எத்தனை நேரம் இறக்கக் கூடாது, குதிகாலுக்குக் கீழே துணியை எப்படிச் சுருட்டி வைக்க வேண்டும், எல்லாம் சொன்னேன். முன்பக்கங்களைத் திருப்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. வாயில் வருகிறது.

பிரேமாவுக்கு இது தெரிந்தால் திட்டுவாள். எனக்கு என் முறை. ஒரு பொருளை விற்றால் வாங்கினவளுக்கு மூன்று மாதமாவது கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். மிக்ஸி விற்கிற கடைக்காரனே சொல்கிறான்.

மார்ச் 7, வெள்ளி

தினமும் நாலு மணிக்குக் கூப்பிடுகிறாள். மூன்றரைக்கே முகம் கழுவிவிடுகிறேன். போனில் முகம் தெரியாதுதான்.

அண்ணனுக்கு எத்தனையாவது நாள் கை அசைந்தது என்று கேட்டாள். நாற்பத்தொன்று என்றேன். பொய் இல்லை. போன வருடம் மே இருபத்துமூன்று வியாழக்கிழமை அவர் விழுந்தார். ஜூலை இரண்டு செவ்வாய்க்கிழமை, நாற்பத்தொன்றாவது நாள், வலது சுண்டுவிரல் துடித்தது. தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். டாக்டர் வந்து பார்த்து, அது சும்மா நரம்புச் சொடுக்கு, ஒன்றுமில்லை என்றார். டாக்டர் சொன்னதைத் தங்கநாயகியிடம் சொல்லவில்லை. அவள் அதைக் கேட்கவில்லை.

மார்ச் 12, புதன்

அண்ணன் முதலில் என்ன பேசினார் என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்தேன். அவர் முப்பத்தொரு வருடம் கண்டக்டர். “உள்ள போங்க, உள்ள போங்க”ன்னு சொன்னாரு, அறுவதாவது நாளு, மருமகன் கதவுகிட்ட நின்னுட்டிருந்தப்ப, என்றேன். தங்கநாயகி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்பது இதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

அறுபதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அவருடைய மூக்குக் குழாய் பிடுங்கிக்கொண்டது. நர்ஸ் வருகிற வரைக்கும், காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருமகன் அப்போது வரவே இல்லை.

மார்ச் 15, சனி

இன்று அவர் பிள்ளையார் கோயில் வரைக்கும் நடந்தார். கம்பங்கூழ் கேட்டார். வெங்காயம் கடித்துக்கொண்டு இரண்டு டம்ளர் குடித்தார்.

மேலே எழுதியது தங்கநாயகியிடம் சொன்னது. நோட்டில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அடிக்காமல் விட்டுவிட்டேன், பக்கம் அசிங்கமாகிவிடும். கூழ் காய்ச்சியது நிஜம். நிறைய மிஞ்சிவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

இன்று தங்கநாயகி சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் மகன் கோயமுத்தூரில் ஓர் இடம் பார்த்திருக்கிறானாம். கை காலைப் பழக்குகிற ஆஸ்பத்திரி. தங்கி இரண்டு மாதம் மெஷினில் பழக்குவார்கள், ஆறு மாதத்துக்குள் போனால்தான் பலன் என்று டாக்டர் சொன்னாராம். இவள் மாட்டேன் என்றுவிட்டாளாம்.

“ஈரோட்டக்கா வூட்டுலயே வெச்சுப் பாத்து நடக்க வெச்சிருக்குது, நான் பாக்க மாட்டனான்னு கேட்டனுங்கக்கா. வாயடச்சுப் போயிட்டான்.”

நான் ம் என்றேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். பால் இல்லை.

போன வருடம் ஜூன் பதினாறு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, என் நாத்தனார் செல்லாத்தாள் சென்னிமலையிலிருந்து காரை வைத்துக்கொண்டு வந்தாள். அண்ணனைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோகலாம், ஏற்பாடு பண்ணிவிட்டேன், செலவு என்னுடையது என்றாள். கார் வாசலில் இரண்டு மணி நேரம் நின்றது. செல்லாத்தாள் யார் என்று இந்த நோட்டுக்குத் தெரியாது. பிரேமாவுக்குக் காது குத்தினபோது சீராக ஒரு பித்தளை அண்டா கொண்டுவந்தாள். சபையில் எல்லோரும் பார்க்கக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் ஆள் அனுப்பி, அது இரவல்தான் என்று திருப்பி வாங்கிக்கொண்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று, வைகாசி. அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனவன் பெயர்கூடச் சொல்வேன், ரங்கன். அப்படிப்பட்டவள் காரில் என் வீட்டுக்காரரை ஏற்றி அனுப்புவேனா?

பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும் என்று சொன்னேன். பார்த்துக்கொண்டேன். எட்டு மாதத்தில் முதுகில் ஒரு புண் வந்ததா? வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

தங்கநாயகியின் வீட்டுக்காரருக்கு இன்று நாற்பத்தொன்றாவது நாள். நான் மறக்கவில்லை. நாலு மணிக்கு முன்னாலேயே, இரண்டரைக்கே கூப்பிட்டுவிட்டாள். காலையிலிருந்து அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். விளக்குப் போட்டு, கற்பூரம் காட்டி, சுண்டுவிரலில் மஞ்சள் துணி கட்டியிருக்கிறாளாம். அசையவில்லை.

சாயங்காலம் வரை பொறு என்றேன்.

ஆறு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். அவர் கண்ணில் தண்ணீர் வடிகிறது, சோறு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார் என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, நாளான்னைக்கு நாலு மணிக்கு வீடியோல வர்றனுங்க. அண்ணன ஒருக்கா இவருக்குக் காட்டுங்க. கையத் தூக்கி ஒரு கும்பிடு போட்டாப் போதும். பாத்தா இவருக்குத் தெம்பு வந்துருமுங்க.”

சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

மார்ச் 19, புதன்

பிரேமாவிடம் பட்டும் படாமலும் கேட்டேன். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த நம்பரை மூடிவிடு அம்மா, விற்றது விற்றதுதான், அப்புறம் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றும் இல்லை, இதில் எல்லோரும் அப்படித்தான் என்றாள். எப்படி மூடுவது என்றும் சொல்லிக் கொடுத்தாள். மூன்று இடத்தில் தொட வேண்டும். மூடிவிட்டால் அவள் எத்தனை தரம் கூப்பிட்டாலும் இங்கே மணி அடிக்காது.

அவள் வைத்த பிறகு யோசித்தேன். நம்பரை மூடினால் தங்கநாயகி என்ன நினைப்பாள்? அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைப்பாள். அண்ணன் நடக்கிறார் என்பது அப்படியே இருக்கும். கோயமுத்தூருக்குப் போக மாட்டாள்.

அவர் தூங்குகிறார் என்றோ வெளியே போயிருக்கிறார் என்றோ சொல்லலாம். ஆனால் வீடியோவில் நான் தெரிவேனே. என் நெற்றி தெரியுமே. பதினொன்றாம் நாள் அழித்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃபேன்ஸி கடைக்குப் போய் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கினேன். பேத்திக்கா என்று கடைக்காரி கேட்டாள். ஆமாம் என்றேன். இப்போதெல்லாம் பொய் எனக்குத் தானாக வருகிறது.

மார்ச் 20, வியாழன்

மூன்றரைக்கு முகம் கழுவினேன். கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்தேன். சிவப்பு, நடுத்தர அளவு. ஜனவரி பதினெட்டாம் தேதி இருந்தவள் அங்கே நின்றாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, நேரம் தெரியாமல் நான் நிற்கிறவள் இல்லை.

நாலு மணிக்குப் போன் அடித்தது. பொட்டைப் பிய்த்துக் கண்ணாடி மேலே ஒட்டிவிட்டுப் போய் எடுத்தேன்.

நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. ஐம்பத்திரண்டு இருக்கலாம். மூக்குத்தி, தலையில் கனகாம்பரம். அவளுக்குப் பின்னால் கட்டில் தெரிந்தது. கட்டிலில் ஒரு ஆள். மீசை வைத்த ஆள், கண் மட்டும் போன் பக்கம் திரும்பியிருந்தது. தலைமாட்டை இரண்டு சுற்று அதிகமாக உயர்த்தியிருந்தாள், நான் அவ்வளவு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

சிரித்துக்கொண்டே வந்தாள். சிரிப்பு போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அக்கா, பொட்டு வெக்கலீங்களா?”

“வெக்கறதில்ல அம்மிணி.”

அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். போனைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள்.

“எப்பத்துல இருந்துங்க?”

“ஜனவரி பத்தொம்பது. ஞாயித்துக்கெழம காத்தால ஆறே முக்காலு.”

“நாப்பத்தொண்ணாம் நாளு அசஞ்சுதுன்னீங்க.”

“அது நரம்புச் சொடுக்கு. டாக்டரு அன்னைக்கே சொல்லிட்டாரு.”

“உள்ள போங்கன்னு சொன்னது?”

“சொல்லல. அவரு விழுந்ததுக்கப்புறம் ஒரு வார்த்த பேசல.”

அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அழவில்லை. என்னை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் பார்த்தாள்.

“அந்தக் கட்டில்லயேதானுங்களா?”

“அதுலயேதான்.”

அப்புறம்தான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இந்த நோட்டில் எழுதாமல் விட்டதையும் சேர்த்து.

“தங்கநாயகி, நீ அவரக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போ. எனக்கும் சொன்னாங்க. காரு வாசல்ல நின்னுச்சு. அவரு அந்தக் காரையே பாத்துட்டிருந்தாரு. சொன்னது என் நாத்தனாங்கிறதுக்காக நான் அனுப்பல. அனுப்பியிருந்தா நடந்திருப்பாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் அனுப்பல.”

போன் கவிழ்ந்து இருட்டானது. அவள் கட்டிலுக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும், கைப்பிடி சுற்றுகிற சத்தம் கேட்டது. தலைமாட்டை இறக்குகிறாள் என்று தெரிந்தது. ஏழு சுற்று எண்ணினேன். பிறகு அவளே வைத்துவிட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

நாலு மணி ஆனது.

மார்ச் 23, ஞாயிறு

போன் நன்றாகத்தான் இருக்கிறது. பிரேமாவை விட்டுக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன், மணி அடிக்கிறது.

மார்ச் 29, சனி

காலையில் தங்கநாயகியிடமிருந்து குரல் வந்திருந்தது. இருபது விநாடிகூட இல்லை. பின்னால் பஸ் ஹாரனும், டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன.

“கோயமுத்தூர் வந்து நாலு நாளாச்சுங்க. சேத்தாச்சு. உங்க கட்டில எடைக்குப் போடச் சொல்லிட்டேன். இனிமே எனக்குக் கூப்பிட வேண்டாமுங்க. நீங்க பண்ணுனது பெரிய பாவமுங்க. நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

நாலு தரம் கேட்டேன். ‘ங்க’ எல்லா இடத்திலும் இருக்கிறது. அக்கா ஓரிடத்திலும் இல்லை.

நல்ல கட்டில். எடைக்குப் போட்டிருக்க வேண்டாம், வேறு யாருக்காவது ஆகியிருக்கும். ஆனால் அவளுடைய பொருள், அவள் இஷ்டம்.

பதிலுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. கூப்பிட வேண்டாம் என்றால் கூப்பிடக் கூடாது. பிரேமா சொன்ன முறைகளில் இந்த ஒன்றையாவது சரியாகச் செய்கிறேன்.

அவள் மறக்க மாட்டேன் என்றது சும்மா சொன்னது இல்லை. செல்லாத்தாள் மாதிரி நான் மறக்காமல் மனதில் வைத்திருக்கிறவர்களுக்கு அது தெரியாது, மறக்காமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். சோறு கிளறும்போது வரும், சேலை மடிக்கும்போது வரும். என் குரல், என் நெற்றி, வியாழக்கிழமை நாலு மணி எல்லாம் அவளுக்கு வரும். இருபது வருடம் கழித்தும் யாரிடமாவது, ஈரோட்டில் ஒரு பொம்பளை இருந்தாள் என்று ஆரம்பிப்பாள். சொல்லட்டும்.

இன்றைக்கு அவள் வீட்டுக்காரருக்கு ஐம்பத்திரண்டாவது நாள். அங்கே மெஷினில் கையை மாட்டியிருப்பார்கள். ஒரு நாள் அசைந்தால் அவள் மகனுக்குச் சொல்வாள், பக்கத்துப் படுக்கைக்காரிக்குச் சொல்வாள். எனக்குச் சொல்ல மாட்டாள்.

அசையட்டும்.